எந்தத் தோட்டம்?

போன மாதச் சம்பளச் சீட்டின் பின்பக்கம்
மூன்று நம்பர் எழுதியிருந்தேன்.
வாழைக்குப் பேர்போன நீர்வேலியை
டீவியில் கண்ட நாளிலிருந்து நச்சரித்தவள் நான்.
தங்க இடம் பார்ப்பதும் என் தலையில்தான்.

முதல் நம்பர், யாழ்ப்பாண டவுனுக்குள்.
ஏசி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது,
ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி வீதி.
தோட்டம் தெரியுமா என்றேன்.
"மொட்டை மாடியில பத்துச் சாடி வைச்சிருக்கிறம், மிஸ்."
அட்ரஸ் கேட்டார்கள்.
மஸ்கெலியா, இன்ன எஸ்டேட், கீழ்ப்பிரிவு.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஏசி மட்டும் கேட்டது.
பிறகு, "காசை முழுக்க முதலே போட்டுவிடுங்கோ."

இரண்டாவது நல்லூரடி.
மச்சம் ஆகாது, பத்துக்குக் கேற் பூட்டப்படும்,
குமர்ப்பிள்ளைகள் தனியே வந்தால் கடிதம் வேண்டும்.
எனக்கு நாற்பத்தொன்று என்றேன்.
அதற்கும் யோசித்தார்கள்.

மூன்றாவதில் ஒரு பெண்குரல்,
பின்னால் மிசின் இரைய இரைய:
"தோட்டத்துக்குள்ளதான் றூம் கிடக்கு.
பாம்புக்குப் பயமில்லைத்தானே?
தேத்தண்ணிக்குச் சீனி போடுவியளோ?"
அட்ரஸ் கேட்க மறந்துவிட்டாள்.

"தோட்டத்து ரூமா?"
சந்தனராஜ் சிரித்த சிரிப்பில் கூரைத்தகரம் அதிர்ந்தது.
"சீட்டுக்காசு எடுத்து, லீவு போட்டு,
பதினோரு மணித்தியாலம் பஸ்ல குந்தி,
மறுபடி தோட்டத்து ரூமுக்கே போவமா?
எட்டாம் லயத்துல கதவச் சாத்துனா
அதே பத்துக்குப் பன்னெண்டுதான்."

அவன் சொன்னதில் பிழையில்லை.
எங்கள் பேச்சில் தோட்டம் என்றால்
யாரோ ஒருவருடையது.
பிரட்டுக்களம், பேர் கூப்பிடல்,
தராசில் கழிக்கிற மூன்று கிலோ.
அவள் பேச்சில் என்னவென்று
போய்த்தானே பார்க்கவேண்டும்.

மங்களேஸ்வரி. நாலு பரப்பு, இதரையும் கப்பலும்.
வெங்காயம் தொங்கவிட்டிருந்த கொட்டில்
இப்போது றூம்.
வெள்ளையடித்தும் நெடி போகவில்லை;
சந்தனராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஃபேன் சுவிட்சைத் தேடினான்.
சோப்பு நுரைக்கவில்லை.
கேத்தலின் அடியில் சுண்ணாம்பு தட்டுத்தட்டாய்.
நான் கொண்டுபோன தூளில் அவள் ஊற்றிய தேநீர்
சேற்றுநிறமாய் வந்தது.
"எங்கட தண்ணி உங்கட தேயிலையை மதிக்காது" என்றாள்.
இரண்டு கப் குடித்தேன், ஏனென்று தெரியாமல்.

நாலரை மணிக்கு மிசின் சத்தம்.
போர்த்திக்கொண்டு வெளியே வந்தால்
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி அவள்.
ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயைக் கட்டி
அடுத்ததை வெட்டித் திறக்கிறாள்.
குட்மோர்னிங் ஒன்றும் சொல்லவில்லை.
"அந்த மம்பெட்டியை எடு பிள்ளை,
உடைக்குது, உடைக்குது, அங்கால!"

காசு கொடுத்துத் தங்கிய ஆள் நான்.
நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.
சிவப்பு மண் குளிர்ந்து விரலிடுக்கில் ஏறியது.
பழக்கத்தில் கெண்டைக்காலைத் தடவினேன்: அட்டை இல்லை.
நிமிர்ந்தேன்: மேட்டில் கங்காணி இல்லை.
மேடே இல்லை.
கண்ணுக்கெட்டிய வரை தட்டையாய்,
வாழைக்குப் பின்னால் வாழை.

விடிய, கொப்பியை நீட்டினாள்.
பேர், ஊர் எழுத வேணுமாம், பொலிஸ் கேட்குமாம்.
ஊர் என்ற இடத்தில் 'தோட்டம்' என்று எழுதி
பேனாவை நிறுத்திவிட்டேன்.
"எந்தத் தோட்டம்?"
சொன்னேன்.
"எத்தினை பரப்பு?"
எண்ணூறு ஏக்கர்.
"அம்மாடி!" என்றாள்.
நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு
வேறொன்றும் கேட்காமல்
பில்லில் ஒருவேளைச் சாப்பாட்டை வெட்டினாள்.

பஸ்ஸில் என் மடியில் ஒரு சீப்புக் கப்பல்.
வவுனியாவில் இரண்டு போயிற்று, தம்புள்ளையில் மூன்று.
அடுத்த முறை டவுன்ல, ஏசியில, என்றான் சந்தனராஜ்.
சரி என்றேன்.
மூன்றாம் நம்பரைப் போனில் பதியும்போது
பேருக்குப் பதில் 'தோட்டம்' என்றே போட்டேன்.
அதே பேரில் ஏற்கெனவே டிவிஷன் ஆபீஸ் இருந்தது.
இரண்டும் ஒன்றா, சேர்த்துவிடவா என்று
போன் கேட்கிறது.
குலுக்கலில் விரல் எங்கே படுமோ என்று
கவிழ்த்து வைத்திருக்கிறேன்.