காரணம் எழுதும் கட்டம்

ஜனவரி இருபத்தொன்பது.
தோர்ன்டன் ஹீத்தில் கோழிக்கடைக்கு மேலே
துவாரகாவின் அலுவலகம்.
படி ஏறும்போதே எண்ணெய் மணக்கும்.
சப்பாத்துப் பெட்டியை மேசையில் கவிழ்த்தேன்:
ஒரு வருடத்துச் செப்புக்குழாய், வாஷர், டீசல்,
மழையில் நனைந்து எழுத்தழிந்த பற்றுச்சீட்டுகள்,
அவற்றோடு எப்படியோ
மகனின் பல் பிடுங்கிய சீட்டு.

"இது வராது," என்று பல்லை ஒதுக்கினாள்.
"சப்பாத்து வரும், முன்னால இரும்பு வச்சதுதானே.
கோட்டு வராது."
வங்கி மனேஜரைப் பார்க்கத்தான் வாங்கினேன் என்றேன்.
"குளிருக்கும் போடுவியள்தானே, அண்ணை.
முழுக்க முழுக்கத் தொழிலுக்கு,
தொழிலுக்கு மட்டும். அதுதான் சட்டம்."

முழுக்க முழுக்க ஒன்றுக்கு மட்டும்
என்னிடம் என்ன இருக்கிறது?
ஃபோனில் பாதி அம்மாவின் இருமல்.
வேனில் குழாய்க் கட்டுக்கு நடுவே கிரிக்கெட் மட்டை.
முதுகுவலி ஒன்றுதான் தொழிலுக்கே உரியது,
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

பிறகு மைல் கொப்பி.
நாள், எங்கிருந்து எங்கே, எத்தனை மைல், காரணம்.
மைலுக்கு நாற்பத்தைந்து பென்ஸ்.
விரலால் வரிவரியாக இறங்கி வந்தவள்
மார்ச் பதினாலில் நின்றாள்.
குரோய்டன், விட்ஸ்டபிள், குரோய்டன். நூற்றிருபத்தாறு.
காரணம்: ஒன்றும் எழுதவில்லை.
"வேலைதானே?"

அன்றுதான் ஒரு உணவகக்காரன்
எனக்குத் தரவேண்டிய மூவாயிரத்து நூறு பவுண்டோடு
கடையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தான்.
வீட்டுக்குத் திரும்பவேண்டிய சந்தியில் திரும்பாமல்
கடல் வரும்வரை ஓட்டினேன்.
கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

"இல்லை," என்றேன்.
சிவப்புப் பேனா கோடிழுத்தது.
ஐம்பத்தாறு பவுண்ட் எழுபது பென்ஸ் கழிவு அதோடு போயிற்று.
"அந்த மூவாயிரத்து நூறை ஏன் முதலே சொல்லேல்ல?
வராத காசுக்கு வரி இல்லை, அண்ணை."
பத்து மாதத்தில்
அந்த நாளைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல சொல்.

கடைசியில் தொகை வந்தது.
முடிந்த வருடத்து வரி,
அதன்மேல் அடுத்த வருடத்துக்கு அரைவாசி முன்பணம்.
இன்னும் வெடிக்காத குழாய்களுக்கும்
இப்போதே கட்டவேண்டும்.
"காசு வந்த அண்டைக்கே காலில ஒரு பங்கை
வேற கணக்கில போடுங்கோ.
தொட மனம் வராத மாதிரி ஒரு பேர் வையுங்கோ."
படியிறங்கும்போதே வைத்துவிட்டேன்:
என்னுடையதல்ல.

கதவைச் சாத்துமுன் கேட்டாள்:
"சுபாஜினி அக்காதானே ஃபோன் எடுக்கிறவ?
இனி அவவுக்குச் சம்பளம் போடலாம், செலவாக் காட்டலாம்.
ஆனா உண்மையாக் குடுக்கவேணும், வங்கியால.
குடுக்காததைக் குடுத்ததெண்டு எழுதேலாது."

வீட்டில் சுபா
தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனை இடுக்கி
யாரோ ஒரு கிழவருக்கு
தண்ணீரை எங்கே பூட்டுவது என்று
ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வெங்காயம் வெட்டினாள்.
முகவரியைக் குறித்தாள். விலையும் பேசினாள்.
வைத்ததும் சம்பளத்தைச் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எப்ப இருந்து?"
பெப்ரவரி.
"பதினொரு வருசம் எடுத்திருக்கிறன்."
கத்தியைக் கழுவினாள்.
"அதை எந்தக் கட்டத்தில எழுதுவியள்?"

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்,
அளந்தது அவள்.

மாத முடிவில் அனுப்பினேன்.
எதற்காக என்று வங்கி கேட்டது.
சம்பளம் என்று அடித்தேன்.
இன்னும் சில எழுத்துக்கு இடமிருந்தது.

அந்தக் காசில் அவளும்
தனியாக ஒரு கணக்குத் திறந்திருக்கிறாள்.
அதற்கும் பேர் இருக்கிறதாம்.
கேட்டேன்.
"உங்கட வேலைக்கு அது தேவையில்லை," என்கிறாள்.