பதினொரு நாள்

பணகுடிக் காத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஸ்கேனர் மூடியைத் திறக்கிறேன்.
நகைக்கடை பர்ஸுக்குள் ஒரு பாலிதீன் உறை,
அதற்குள் இன்னொன்று.
அதற்குள்ளிருந்து எடுத்து நீட்டுகிறாள்
தங்கபுஷ்பம்.

நாலு மூலையும் தெரியணும்க்கா.
ட்யூப்லைட் வெளிச்சம் படத்துல விழக் கூடாது.
அடியில அம்பு அம்பா ரெண்டு வரி இருக்குல்லா,
அதுல ஒரு எழுத்து மங்கினாலும்
திருப்பி அனுப்பிருவான்.

'மூஞ்சி மங்கினா?'

அதுக்கும்தான்.

தேதியைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.
போய் இறங்குகிற நாளிலிருந்து
ஆறு மாசம் இதுக்கு உயிர் இருக்கணும்.
அஞ்சு மாசம், பத்தொன்பது நாள் இருக்கு.

'மஸ்கட்ல அவளுக்கு எட்டு நடக்கு யய்யா.
அதக் கணக்குல சேக்க மாட்டானா?'

படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

வெறும் பக்கம் ரெண்டாவது வேண்டும் என்று
புரட்டிப் பார்த்தேன்.
எல்லாமே வெறும் பக்கம்.
ஒரு முத்திரை, ஒரு மைத்தீற்றல் இல்லை.
கடைசித் தாளில் மட்டும் கணவன் பெயர்.

'அவுக கூப்பிடுவாவன்னு எடுத்தது'
என்றவள்
மின்விசிறியைப் பார்த்தாள்.

அவசரத்தில் புதுசு போடலாம்.
திருநெல்வேலிக்கு ஒருநாள் வரணும்.
பழசை வாங்கி, ரத்துன்னு குத்தி,
மூலையை வெட்டித் திருப்பித் தருவாவ.

உறைக்குள் உறையாக மடித்துக்கொண்டிருந்த கை
நின்றது.

'நாலு மூலையும் தெரியணும்னு
இப்பத்தானே சொன்னே?'