இருநூற்றுப் பதினோரு சொற்கள்

லீக்ஸ் கட்டும் கொட்டகையில்
ஆங்கிலம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த பாவத்துக்கு
பட்டியல் என் தலையில் விழுந்தது.
இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலி.
போலந்திலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு.
"எல்லாம் அன்றாடச் சொற்கள்தான்,
ஒரு ராத்திரி வேலை" என்றார் டெஸ்மண்ட்.
கூலி நாற்பது பவுண்டு, ஒரு சனிக்கிழமை விடுப்பு.

கையுறை, கத்தி, வாளி, வழுக்கும் தரை
சமர்த்தாக வந்து உட்கார்ந்தன.
'பிரேக்'தான் முதலில் மக்கர் செய்தது.
பத்து நிமிட ஓய்வா, உடைவதா?
எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டையும் எழுதினேன்.
'ஃபைன்' என்றால் நலம். அபராதமும் அதுவே.
மொரீன் தேநீர் ஊற்றும்போது
ஆண் பெண் பார்க்காமல் எல்லோரையும் 'லவ்' என்பாள்.
"சர்க்கரை எத்தனை, லவ்?"
இதை அப்படியே போலிஷில் வைத்தால்
ஸெனோன் மறுநாள் பூங்கொத்தோடு வந்து நிற்பான்.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

'ரூம்' என்றால் எங்களுக்குப் போக்குய்.
அமைதிக்கும் அதே சொல்தான்.
நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது
லிட்கா குளியலறைக் கதவை உதைத்துக்கொண்டிருந்தாள்.
அந்த வீட்டில் ஆறு பேர், மூன்று கட்டில்,
தூக்கத்துக்கும் ஷிஃப்ட்.
'லாக்' என்றால் ஸாமெக்.
பூட்டு, கோட்டை, சட்டை ஜிப், மூன்றுக்கும் ஒரே பெயர்.
மூன்றில் ஒன்றுகூட எனக்கு உருப்படியாக இல்லை.

பிறகு 'ஃபிங்கர்', அதன் கீழே 'டோ'.
கையில் முளைத்தாலும் காலில் முளைத்தாலும்
எங்களுக்கு அது பாலெட்ஸ், விரல், அவ்வளவுதான்.
போன ஆகஸ்டில்
ஸெனோனின் பாதத்தில் மரத்தட்டு இறங்கியபோது
அவசர எண்ணுக்குப் பேசியது நான்.
ஃபிங்கர், ஃபிங்கர் என்று கத்தினேன்.
வந்தவர்கள் அவன் இரண்டு கைகளையும்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
பத்தும் பத்திரமாக இருந்தன.
பூட்ஸுக்குள் ரத்தம் நிறைந்துகொண்டிருந்தது.
இப்போதும் என்னைக் கண்டால்
பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான்
விந்தி விந்திப் போவான்.
'டோ'வுக்கு எதிரே கொட்டை எழுத்தில் எழுதினேன்: கால் விரல்.
அடிக்கோடு இரண்டு.

கடைசிப் பக்கத்தில் முழு வாக்கியங்கள்.
எனக்குக் களைப்பாக இருக்கிறது.
எனக்கு உடம்பு சரியில்லை.
நான் தயார்.
ஆங்கிலத்தில் இவற்றுக்கு மீசையுமில்லை, பின்னலுமில்லை.
யார் வாய்க்கும் பொருந்தும்.
எங்களிடம் களைப்புக்கும் பால் உண்டு.
அவன் களைத்தால் ஸ்மென்சோனி,
அவள் களைத்தால் ஸ்மென்சோனா.
அகராதி எப்போதும்
ஆணைத்தான் முதலில் களைக்கவிடும்.
மணி மூன்று. கண் எரிந்தது.
அகராதியைப் பார்த்து எழுதி முடித்தேன்.

திங்களன்று தேநீர் இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார்கள்.
புதனன்று பார்க்கிறேன்,
ஸ்மென்சோனியின் வாலை அடித்துவிட்டு
பெட்டியில் எடை எழுதும் பச்சை மார்க்கரில்
சின்னதாக ஓர் 'ஆ'.
நோயாளிக்கு ஓர் ஆ.
தயாராக நிற்பவனுக்கும் ஓர் ஆ.
ஒரே கையெழுத்துமில்லை.
ஒன்று யாகோதாவின் குண்டெழுத்து.
இன்னொன்றை யாரோ அழுத்திய அழுத்தில்
தாள் கிழிந்திருந்தது.

எங்கள் வரிசையில் முப்பத்தெட்டுப் பேர்.
ஆண்கள் ஐந்து பேர், ஸெனோனையும் சேர்த்து.
பட்டியலை எழுதியதோ நான்.
எட்டு மணி நேரம் லீக்ஸ் வெட்டி
ராத்திரி முழுக்க உட்கார்ந்து
எனக்குக் களைப்பு என்பதை
எவனோ ஒருவன் சொல்வதாக எழுதி வைத்திருந்தேன்.

மார்க்கர் நூலில் கட்டித் தொங்கியது.
ஒரே ஒரு வரியை மட்டும்
யாரும் இன்னும் தொடவில்லை.
'எனக்கு நிச்சயமாகத் தெரியும்.'

வலது கையில் தேநீர்.
மூடியைப் பல்லால் கழற்றினேன்.