கிளைக்கழுத்து

விண்ணப்பத்தில் பன்னிரண்டாவது கேள்வி:
மரங்களோடு உங்கள் முன் அனுபவம்.
முஸஃபா கேம்ப்பில், மேல்கட்டிலில் படுத்து,
அதை மட்டும் மூன்று ராத்திரி காலியாக விட்டேன்.
நான் கண்ணாடி துடைக்கிறவன்.
ரீம் தீவில் நாற்பத்துமூன்று மாடி,
கயிற்றில் தொங்கி
நுரை, ரப்பர், துணி.
கடைசியில் எழுதினேன்:
‘கண்ணாடியில் தெரிகிற மரங்களை
ஒன்பது வருடமாகத் துடைக்கிறேன்.’
நக்கல் என்று நினைப்பார்கள் என்றான் கீழ்க்கட்டில் பஷீர்.
நினைக்கவில்லை.

குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால்
அல் ஐனில் அந்தக் கல்லூரிக்கு
இசக்கியப்பன் ஆகிய நான்
நான்கு மாதம் மிஸ்டர் சுடலைமுத்து.
பிளஸ் டூ மார்க் ஷீட்டுக்கு மூன்று முத்திரை,
கம்பெனியில் கெஞ்சி வாங்கிய ஆட்சேபமில்லைக் கடிதம்.
உயிரியலில் இருநூறுக்கு எழுபத்தொன்று;
யாரும் முகம் சுளிக்கவில்லை.
கட்டணம் ஆறு தவணை.
போனில் கோமதி:
‘மரம் வெட்டவா காலேஜு?
இங்க முருங்கை முறிஞ்சு விழுந்துச்சு,
எவன் சர்டிபிகேட்டு கேட்டான்?’

ஞாயிறு காலை ஐந்தரை பஸ்.
இரண்டு மணி நேரம் மணல், தூக்கம், மணல்.
வகுப்பில் பதினொரு பேர்.
எனக்கு அடுத்த மூத்தவனுக்கே இருபத்தாறு வயசு.
சூடான்காரன் முபாரக்குக்கு
இங்கிருக்கிற மரமெல்லாம் குள்ளம்.
பத்தொன்பது வயசு ஷம்மா
நோட்டு ஓரங்களில் வண்டு வரைவாள்.
முதல் வாரமே பலகையில் லத்தீன்.
இந்த ஊர்க்காரர்கள் காஃப் என்கிற மரத்தின் பெயரை
ராத்திரி செல்போனில் போட்டுத் தேடினால்
வன்னி.
எங்கள் ஊர்க் கோயிலில்
மஞ்சள் கயிறு சுற்றிச் சுற்றி இடுப்பு பெருத்த
அதே வன்னி.
ஒன்பது வருடம் பஸ் ஜன்னலில்
பேர் தெரியாத ஆளைக் கடப்பதுபோலக்
கடந்து போயிருக்கிறேன்.

ஏறுவதில் நான்தான் முதல்.
முடிச்செல்லாம் என் முடிச்சு.
ஆனால் மொட்டைமாடி இரும்புக்கொக்கி
என் எடையைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.
இந்தக் கிளை கொஞ்சம் தாழ்ந்தது,
யோசிப்பது மாதிரி நின்றது,
பிறகு சரி என்றது.
நூற்றைம்பது மீட்டரில் நடுங்காத கால்
ஒன்பது மீட்டரில் நடுங்கியது.

ரம்பத் தேர்வில் தோற்றேன்.
காய்ந்த கிளை, மணிக்கட்டுப் பருமன்.
தண்டோடு ஒட்ட, வழுவழுவென்று அறுத்தேன்.
கண்ணாடியில் ஒரு கோடும் விடாத கை
இங்கேயும் தடயம் விடவில்லை.
கீழே நின்ற ஷம்மா
வாயைப் பொத்திக்கொண்டாள்.
கிளை பிறக்கிற இடத்தில் புடைத்த ஒரு வளையம் உண்டு.
கழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.
அதை விட்டுவிட்டு அறுக்க வேண்டும்,
மரம் அங்கிருந்துதான் காயத்தை மூடத் தொடங்கும்.
நான் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன்.
மரத்துக்குக் காயம் ஆறுவதே இல்லையாம்.
உள்ளே அப்படியே வைத்துக்கொண்டு
மேலே புதுசாக வளர்ந்துகொள்ளுமாம்.
ஐம்பதுக்குப் பத்தொன்பது.

மறுநாள் முப்பத்தெட்டாம் மாடியில்
ரப்பரை இழுத்த கை
ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவைத்தது.
வேண்டுமென்றா, தெரியவில்லை.
சூப்பர்வைசர் படமெடுத்து
சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார்.

இப்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும்
நேரே அந்த மரத்திடம்தான்.
வெர்னியர் ஷம்மாவுடையது,
கேட்காமலே நீட்டுவாள்.
ஏப்ரல் கடைசி ஞாயிறு.
இடப்பக்கம் புது உதடு நான்கு மில்லிமீட்டர்.
வலப்பக்கம், நான் ஆழமாக அறுத்த பக்கம்,
பூஜ்யம் என்று எழுதச் சொல்கிறாள்.
‘இன்னும் இல்லை’ என்று எழுதுகிறேன்.