மூன்றாவது இணைப்பு

நிந்தவூர் பிரதான வீதி.
என் ஸ்டூடியோவுக்கு மூன்று டெலிபோன் கம்பிகள்.
ஒன்று என் பெயரில்.
மற்றது பக்கத்து பார்மசி நௌபீஸுடையது,
இரவு எட்டரைக்கு அவர் கதவு போட்டபின் எனக்கு.
மூன்றாவது புவிதரன் பெயரில்.

கூட்டு முறிந்து
அவன் காரைதீவில் தனிக்கடை போட்டு இரண்டு வருடம்.
பேச்சில்லை.
பில்லை நான்தான் கட்டுகிறேன்.
ரவுட்டரின் பாஸ்வேர்ட் அவன் வைத்ததுதான்,
மாற்றவில்லை.

வலீமா வீடியோ கட்டாருக்குப் போகவேண்டும்,
பதினொரு ஜிபி.
பொடிப்பொடியாய்க் கிழிபடுகிறது:
மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு கம்பியில்,
வாப்பாவின் அழுகை இன்னொன்றில்,
புரியாணி சஹன் மூன்றாவதில்.
முந்திப்போன துண்டு
பிந்திவரும் துண்டுக்கு அங்கே காத்திருக்குமாம்,
பிறகுதான் ஒட்டுமாம்.
சொன்னவன் அவன்.

மூன்றும் சேர்ந்தால் மூன்றாகாது.
கடற்காற்று தின்ற கம்பி ஒன்று இழுத்தால்
எல்லாம் இழுபடும்.

நேற்றைய மழையில் மூன்றாவது விளக்கு அணைந்தது.
வெட்டிவிட்டானோ?
ஒரு கடிதம் போதும் அவனுக்கு,
ஐந்து நிமிட வேலை.
வயிறு என்னவோ செய்தது.

சுபஹுக்கு எழும்பிப் பார்க்கிறேன்,
பச்சையாய் மினுங்குகிறது.
தொண்ணூற்றொன்பது வீதம்.

இருபத்தெட்டாம் திகதிக்குள்
அவன் பில்லைக் கட்டிவிட வேண்டும்.