ஆறாம் மேசை

ஈசூன், புளோக் எழுநூற்றுச் சொச்சம்.
வெற்றுத்தளத்தில் நிச்சயதார்த்த விருந்து.
'இங்கே பந்து விளையாடக் கூடாது' பலகைக்குக் கீழே
நானும் என் கீபோர்டும்
தூணுக்கு இந்தப் பக்கம்.

தபேலா, பேஸ், டோலக், நான்கு வயலின்
எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள்.
இடக்கை மூன்று விரல் வைத்தால்
எழுந்து வாசிப்பார்கள்.
தண்ணீர் கேட்க மாட்டார்கள்,
தாளம் தப்ப மாட்டார்கள்,
நான் தப்பினால்
திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள்.
அதுதான் பயம்.

மழைப்பாட்டை எடுத்தேன்.
பெயர் எதற்கு?
முதல் நான்கு சுரத்துக்கே
பிரியாணித் தட்டுகளுக்கு மேல் தலைகள் ஆடும் பாட்டு.
பல்லவி உள்ளபடி.
சரணம் உள்ளபடி.
இருநூறு தடவை உள்ளபடி வாசித்தவனுக்கு
வலக்கை சும்மா இருக்குமா?

இடையிசையில் இறங்கினேன்,
கூரை போட்ட நடைபாதையை விட்டு
ஈரப் புல்லில் கால் வைக்கிற மாதிரி.
முதலில் ஒரு கமகம்.
பிறகு பாட்டுக்குச் சொந்தமில்லாத
ஒரு நிஷாதம்.
அதைச் சமாதானப்படுத்த இன்னொரு சுரம்,
இதைச் சமாதானப்படுத்த இன்னும் நாலு.
எங்கே போகிறேன் என்று
எனக்கே ஆவலாக இருந்தது.
நன்றாகவும் இருந்தது, சொல்லிக்கொள்கிறேனே.

ஆறாம் மேசையில்
அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த பெண்
நிறுத்திவிட்டாள்.
கரண்டி பாதி வழியில்.
தன் நிறுத்தம் வருகிறதென்று எழுந்து நின்றவள்
வண்டி நிற்காமல் போவதைப் பார்க்கிற பார்வை.

வெட்கமாகிவிட்டது.
பல்லவிக்கு முந்தைய அந்த இறக்கம்,
ப ம க ரி,
அதை மட்டும் பழையபடியே வைத்தேன்.
கரண்டி வாய்க்குப் போனது.
வாய் பாட்டுக்கு வந்தது.

இதோடு முடிந்திருந்தால்
ஒரு பாடமென்று எழுதி வைத்திருப்பேன்.

கடைசிப் பல்லவியில்
அவள் குரல் விட்டே பாடினாள்.
எந்த ஒலிநாடாவிலும் இல்லாத நெளிவு:
மேலே போகவேண்டிய இடத்தில் கீழே போனாள்,
அதுவும் அரை மாத்திரை தாமதமாக.
இருபது வருடம் துணி காயப்போடும்போதெல்லாம்
அப்படியே பாடி
அப்படியே ஆகிவிட்ட பாட்டு.

மற்ற மேசைகளுக்கும் அவளுக்கும் நடுவே
என் வலக்கை ஒரு கணம் தொங்கியது.
உள்ளே இருந்த தபேலாக்காரர்
யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அவள் பக்கம் போனேன்.
கீழே.
அரை மாத்திரை தாமதமாக.
அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
ஏழு மணிக்குத் தாழ்வாரத்து விளக்கு எரிந்ததற்கு
யார் நன்றி சொல்கிறார்கள்?

பத்தரை.
ஐந்தாம் மாடியில் ஒரு சன்னல்
வேண்டுமென்றே சத்தமாக மூடியது.
பெண்ணின் தாய்மாமன் சந்தனராசு
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
எண்டிங் பொத்தானை அழுத்தினேன்.
நான்கு வயலினும் நாகரிகமாக முடித்துக்கொண்டு
இருட்டுக்குள் போய்விட்டன.

வயர்களைச் சுருட்டும்போது சந்தனராசு சொன்னார்:
"அவங்க பூமாதேவி. வட்டப் பேருந்து ஓட்டுறாங்க.
விடிஞ்சா முதல் வண்டி அவங்களுது."
மின்தூக்கிக் கதவு மூடும்வரை கேட்டேன்.
அவள் இன்னும் முடிக்கவில்லை.
இடையிசைக்கு வந்திருந்தாள்.
அதில் என் நிஷாதம் இருந்தது,
அவள் சாடையில்.