'டிக்' என்றதும்

செப்டெம்பர் வேட்டைக்கு ஆறு நாள் இருக்கையில்
ஃப்ளூரினா கடால்பெர்ட்
துவக்கைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
நூறு மீற்றரில் ஒரு சாண் வலப்பக்கம் போகிறதாம்.
போன வருடம் தொலைநோக்கி பூட்டிக் கொடுத்தது நான்.
ரசீதில் என் கையெழுத்து,
தமிழில்.

இந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்த நாள்
"துவக்கு தெரியுமா?" என்றார் ஊர்சின்.
வேறு ஒரு கதை தொண்டை வரைக்கும் வந்தது.
"திருகாணி தெரியும்" என்றேன்.
காது கேட்கும் கருவி செய்கிற ஆலையில்
பதினொரு வருடம்
எறும்புத் தலை அளவு ஆணிகளோடு சீவித்தவள்.

கழற்றினேன்.
முன் வளையம் திடம். பின் வளையமும்.
அடித்தட்டின் பின்னாணி மட்டும்
வெறும் விரலுக்கே சுழன்று கொடுத்தது.
புரிக்குள் எண்ணெய்.

எண்ணெய் இருக்கிற இடத்தில் பசை பிடிக்காது.
ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்து
ஆணியையும் துளையையும் வடிவாய்த் துடைக்க வேண்டும்,
காயவிட வேண்டும்,
நீலப் பசை ஒரு சொட்டு, இரண்டாம் சொட்டு வேண்டாம்,
மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாய்,
மூன்று நியூட்டன் மீற்றரில்
சாவி 'டிக்' என்றதும் கையை எடுக்க வேண்டும்.
ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது.
நித்திரையிலும் சொல்லுவேன்.

போன வருடம் அந்த நேரம்
பள்ளிக்கூடத்திலிருந்து போன்.
தர்மிகாவுக்கு மூக்கில் இரத்தம், வாருங்கள்.
முன்னாணி துடைத்தது நினைவிருக்கிறது.
பின்னாணி என்று கேட்டால்
மனம் அந்த இடத்தில் பஸ்ஸுக்கு ஓடுகிறது.

வால்ஸுக்கு மேலே
ஒரு மலையாடு வயிற்றில் குண்டோடு ஓடியிருக்கிறது.
மோப்ப நாய் வந்து
மைம்மலில்தான் கண்டுபிடித்தார்களாம், உயிரோடு.
தன் கை நடுங்கிவிட்டதென்று
ஒரு வருடம் முழுக்கத் தன்னைத் திட்டியிருக்கிறாள்.
போன கிழமை சுடுதிடலில்
மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டபோதுதான்
கையில்லை என்று தெரிந்ததாம்.

"நான் துடைக்காமல் விட்டிருக்கலாம்" என்றேன்.
ஊர்சின் அரத்தை நிறுத்தினார்.
என் ஜெர்மனுக்கும் அன்றைக்கு எண்ணெய் பட்டிருந்தது,
ஒரு சொல்லும் பிடித்து நிற்கவில்லை.

ஃப்ளூரினா சட்டைப்பையைத் துழாவி
ஒரு குட்டிச் சாவியை எடுத்து வைத்தாள்,
புத்தக அலுமாரிப் பெட்டியோடு இலவசமாய் வருகிறதே, அது.
"மலைக்குப் போக முதல்
ஒரு பாதுகாப்புக்கு
இன்னும் கால் சுற்று இறுக்கினேன்."

காய்ந்த பசை கால் சுற்றில் உடையும்.
உடைந்தால் வெறும் தூள்.
எண்ணெயா, கால் சுற்றா?
என் போனா, அவள் பயமா?
ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம் மூன்று பேரும்.
அது சாட்சி சொல்லவில்லை.

சூரிச் ரயிலில் ஒருமுறை
என் தோட்டுச் சுரை கழன்று போனது.
மிஞ்சிய தோட்டுக்கு நூல் சுற்றிப் போட்டேன்.
இறுக்கினால் காது நோகும்,
தளர்த்தினால் தோடு போகும்.
இதை ஜெர்மனில் சொல்ல வராமல்
காதைத் தொட்டுக் காட்டினேன்.
அவளும் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள், ஏனென்று தெரியாமல்.

போனை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு
இரண்டு தரம் துடைத்தேன்.
டிக். டிக்.
அடுத்த நாள்
தர்மிகாவின் ரோசா நகப்பூச்சால்
ஆணித் தலையிலிருந்து தட்டுவரை ஒரு கோடு இழுத்தேன்.
"கோடு முறிந்தால் ஆணி அசைந்திருக்கிறது.
உன் சாவியை எடுக்காதே. என்னிடம் வா."
ஊர்சின் காசு வேண்டாம் என்றார்.
அவள் பாதியை வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் கிழமை ஒரு படம் அனுப்பினாள்.
வணக்கம் இல்லை, சுட்டாளா என்ற தகவல் இல்லை.
ரோசாக் கோடு, நேராய்.
பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஓரத்தில் அவள் பெருவிரல்.
நகக்கண்ணில் மண்.